யாருக்காகப் பதிகிறது? – பார லொறிகளுக்குள் இருக்கும் கருவிகள்

(ஹரோவில் தமிழ் அன்பர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் குன்றில் குரோவ் ஹில் என்றொரு சரிவான வீதி இருக்கிறது. 1899 பெப்ரவரி 25 அன்று அந்தச் சரிவில் டெய்ம்லர் மோட்டார் வண்டி ஒன்று இறங்கி வந்தது. ஓட்டியவர் எட்வின் சூவெல். பயணிகளில் ஒருவர் மேஜர் ஜேம்ஸ் ரிச்சர், ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் என்ற பெரிய வணிக நிலையத்தின் துறைத் தலைவர். தம் நிறுவனத்துக்கு இத்தகைய வண்டிகளை வாங்கலாமா என்று பார்க்கவே அவர் ஏறியிருந்தார். சரிவில் பிறேக் பிடித்தபோது பின்சக்கரம் நொறுங்கியது. சூவெல் அந்த இடத்திலேயே இறந்தார், ரிச்சர் சில நாள்களில் இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியின் சாரதி உயிரிழந்ததாகப் பதிவான முதல் விபத்து அது என்று அங்கே இன்று இருக்கும் நினைவுப் பலகை சொல்கிறது.  போகிறவர்கள் நின்று பாருங்கள்.

அந்த விபத்தில் என்னைத் தொடுவது ஒன்று. ஒரு நிறுவனத்துக்கு வண்டிகள் வாங்கலாமா என்று சோதித்துப் பார்த்த ஓட்டம் அது. அன்றைய சட்டப்படி வேக எல்லை மணிக்கு 12 மைல். வண்டி உண்மையில் எவ்வளவு வேகத்தில் வந்தது, பிறேக் எப்போது பிடிக்கப்பட்டது என்பதைச் சொல்ல வண்டிக்குள் எதுவும் இல்லை. பார்த்தவர்களின் கண்ணும் உடைந்த சக்கரமும்தான் ஆதாரம். செத்துப்போன சாரதியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் பதிவு எதுவும் இல்லை.

இன்று அந்தக் குன்றின் அடியில் ஸ்டேசன் றோட்டில் போகும் 18 தொன் லொறி விபத்தில் சிக்கினால், அதன் கடைசி 24 மணித்தியால ஓட்டத்தின் வேகத்தை விநாடி விநாடியாக எடுத்துப் படிக்கலாம். இந்த மாற்றம் எப்படி வந்தது, அந்தப் பதிவு யாருக்காக நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ரெயினர்ஸ் லேனிலும் சவுத் ஹரோவிலும் உள்ள நம் கடைகளுக்கு அரிசியும் மரக்கறியும் கொண்டுவரும் சாரதிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு நிமிடமும் எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கிறது.

முதலில் வண்டிக்குள் நடக்கும் பேச்சைக் கேட்போம். முன்பெல்லாம் ஒவ்வோர் அளவைக்கும் தனி வயர் ஓடியது. மின்னணு கூடக்கூட வயர்க்கட்டு தடித்தது, பழுது தேடுவது பெரும்பாடானது. 1986 பெப்ரவரியில் டெட்ரோயிட் நகரில் கூடிய வாகனப் பொறியாளர் மாநாட்டில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 'கேன்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள், இரு முனைகளிலும் 120 ஓம் தடை. வழி அவ்வளவுதான். எஞ்சின், கியர், பிறேக், மீற்றர்ப் பலகை என ஒவ்வொன்றுக்கும் உள்ள கணினிப் பெட்டிகள் அந்த இரண்டு வயர்களிலேயே இணைகின்றன. எந்தப் பெட்டியும் இன்னொன்றைப் பேர்சொல்லி அழைக்க வேண்டியதில்லை. ஒன்று சொல்வதை எல்லாம் கேட்கும், தேவையானது எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பெட்டிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால்? இந்த முறையின் அழகே அங்குதான் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள எண்ணோடு தொடங்கும். அந்த வயரில் 0 எப்போதும் 1ஐ மேவிவிடும். தான் 1 அனுப்பியும் வயரில் 0 இருப்பதைக் கண்ட பெட்டி அந்த நொடியே ஒதுங்கிவிடும், ஊர்க்கூட்டத்தில் பெரியவர் வாய் திறந்ததும் இளையவர் நிறுத்திக்கொள்வதுபோல. வென்ற செய்தியில் ஒரு பிட்டும் கெடாது. ஒதுங்கிய பெட்டி வழி ஓய்ந்ததும் மறுபடி பேசும். அவசரமான செய்திகளுக்குச் சிறிய எண் கொடுத்துவிட்டால், அவசரம் குறைந்தவை அவற்றை வரிசையில் பின்தள்ளமாட்டா.

பார வண்டிகளுக்கு இதன்மேல் 'ஜே1939' என்ற பொதுமொழி கட்டப்பட்டிருக்கிறது. வழக்கமான வேகம் விநாடிக்கு 2,50,000 பிட். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்று ஒரு படிக்கு 0.125 என்று வரும்: வயரில் 9,600 என்று கண்டால் நிமிடத்துக்கு 1,200 சுற்று. குளிர்நீரின் வெப்பத்தை 40 கூட்டி அனுப்புவார்கள், அங்கு 130 என்றால் உண்மை வெப்பம் 90 பாகை. உறைபனிக் காலத்து எதிர்மறை வெப்பத்தையும் குறி இல்லாமல் சொல்ல அந்த 40.

டீசல் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சாரதிக்கும் முதலாளிக்கும் சச்சரவு தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். எஞ்சின் எரித்த டீசலைத் தாங்கிக்குள் இருக்கும் மிதவை அளப்பதில்லை. ஒவ்வோர் ஊசிவாயும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அப்போது குழாயில் என்ன அழுத்தம் இருந்தது என்பதிலிருந்து எஞ்சின் பெட்டியே கணக்குப் போடுகிறது. தாங்கியின் மட்டம் வேறு கணக்கு. மேட்டில் ஏறினாலும் வளைவில் திரும்பினாலும் டீசல் அலைந்து மட்டம் ஏறி இறங்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டம் விழுந்தால் கள்வர் டீசலை உறிஞ்சுகிறார்கள் என்று கருவி எச்சரிக்கும். வண்டி சரிவான இடத்தில் நிறுத்தப்பட்டாலும் அதே எச்சரிக்கை வரலாம். இரண்டு கணக்குகளையும் பல நாள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் சாரதியைச் சந்தேகிப்பது அநியாயம்.

வண்டிக்குள் இத்தனை பேச்சு நடப்பதை அறிந்ததும் வெளியார் கருவி விற்பவர்கள் வயரைச் சுரண்டித் தங்கள் பெட்டிகளைச் செருகத் தொடங்கினார்கள். பிறேக்கும் எஞ்சினும் பேசும் வயரில் தவறான ஒரு செய்தி நுழைந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2002இல் டெய்ம்லர், மான், ஸ்கானியா, வொல்வோ, டாஃப், இவெகோ ஆகிய ஐரோப்பிய லொறி உற்பத்தியாளர்கள் கூடி 'எஃப்எம்எஸ்' என்ற பொதுத் தரத்துக்கு இணங்கினார்கள். உள்ளே நடக்கும் பேச்சில் வேகம், தூரம், டீசல், எஞ்சின் நேரம், அச்சின் பாரம் போன்ற தேர்ந்தெடுத்த அளவைகள் ஒரு வாயில் வழியே வெளியே வரும். வெளியிலிருந்து கட்டளை எதுவும் உள்ளே போகாது. போட்டியாளர்கள் ஒரு மேசையில் இருந்து செய்த நல்ல காரியங்களில் இதை நான் வைப்பேன். ஒரே நிறுவனத்தில் மூன்று தயாரிப்பு லொறிகள் ஓடினாலும் ஒரே பெட்டியால் படிக்க முடிவது இதனால்தான்.

அந்த வாயிலில் வந்து உட்காருவதுதான் முதலாளியின் கண்காணிப்புப் பெட்டி. அதற்குள் செய்மதி வாங்கி, ஒரு சிம், அசைவை உணரும் சிறு சில்லு, நினைவகம் இருக்கும். அலைபேசித் தொடர்பு அறும் இடத்தில் தரவைச் சேர்த்துவைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பும். வண்டி இப்போது எங்கே, எஞ்சின் வீணாக ஓடுகிறதா, எத்தனை முறை பிறேக் அடித்துப் பிடிக்கப்பட்டது என்பதெல்லாம் அலுவலகத் திரையில் தெரியும். இதனால் டீசல் மிச்சமாகிறது, பழுது முன்கூட்டியே தெரிகிறது. அதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது ஒன்றை. இந்தப் பெட்டிகளில் பல சாரதிக்குப் புள்ளி போடுகின்றன. வேகம் ஒரு குறித்த அளவுக்குமேல் சட்டென்று குறைந்தால் ஒரு புள்ளி குறையும். ஸ்டேசன் றோட்டில் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடிவருகிறது. சாரதி ஓங்கிப் பிறேக் மிதித்து அந்த உயிரைக் காக்கிறார். பெட்டிக்குத் தெரிந்தது வேகம் விழுந்தது மட்டும்தான். சிறந்த சாரதியும் கவனமில்லாத சாரதியும் அங்கே ஒரே கோட்டில் நிற்கிறார்கள். மாத முடிவில் அந்தப் புள்ளியை வைத்து ஊக்கத்தொகையை வெட்டுகிற இடங்களை என் வேலையில் கண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று சாரதியிடம் ஒரு சொல் கேட்காமல் அந்த எண்ணைப் பணமாக மாற்றுவது பிழை என்று இந்த மேடையிலிருந்தே சொல்கிறேன்.

இலண்டனில் கண்காணிப்பு மற்றொரு பக்கத்திலிருந்தும் வருகிறது, அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறி இந்த மாநகருக்குள் ஓட அனுமதிச் சீட்டு வேண்டும். சாரதியின் ஆசனத்திலிருந்து கண்ணால் நேரே எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் 1 முதல் இந்த விதி நடைமுறைப்படுத்தப்பட்டது. 2024 ஒக்ரோபர் 28 முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த வண்டிகள் கூடுதல் கருவிகளைப் பூட்ட வேண்டும்: பக்கவாட்டில் சைக்கிள்காரர் வருவதை உணரும் கருவி, வண்டி நகரத் தொடங்கும்போது முன்னால் ஆள் நிற்பதை உணரும் கருவி, கமெரா. முந்தைய உணரிகள் விளக்குக் கம்பத்துக்கும் நிறுத்திவைத்த காருக்கும் கத்தின. ஓயாமல் கத்தும் கருவியைச் சாரதியின் காது விரைவில் ஒதுக்கிவிடும். அதனால்தான் புதிய விதி, அசையாத பொருள்களுக்கு எச்சரிக்கை எழக்கூடாது என்று கேட்கிறது. அனுமதியில்லாமல் ஓடினால் தண்டம் 550 பவுண் வரை போகும். ஹரோவும் மாநகருக்குள் அடங்கியது என்பதால் நம் மொத்த வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நான் பேச வந்த முக்கியமான கருவிக்கு வருகிறேன். டாக்கோகிராஃப், சாரதிகள் வாயில் 'டாக்கோ'. சாரதி எப்போது ஓட்டினார், எப்போது வேறு வேலை செய்தார், எப்போது ஓய்வெடுத்தார் என்பதைப் பதிவதே அதன் வேலை. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளில் 9 மணித்தியால ஓட்டம், வாரத்தில் இருமுறை மட்டும் 10, வாரத்துக்கு 56, இரண்டு வாரங்களுக்கு 90 என்ற எல்லைகளைக் காப்பாற்றுவது அந்தப் பெட்டிதான்.

இந்த நாட்டில் அது எளிதில் நுழையவில்லை. பார்பரா காசில் அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்திலேயே பதிவுக்கருவிக்கு இடம் இருந்தது. தொழிற்சங்கம் அதைக் 'கபினுக்குள் உளவாளி' என்று எதிர்த்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் கருவியைக் கட்டாயமாக்கியது, பிரித்தானியா 1973இல் அதில் சேர்ந்தது, ஆனாலும் இங்கே அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 1979 பெப்ரவரி 7 அன்று பிரித்தானியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகே கருவி இங்கே கட்டாயமானது.

அந்தத் தொழிலாளர்களின் அச்சத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. தன் கையைத் தவிர வேறு முதலில்லாத ஒருவருக்கு, தலைக்குமேல் ஒரு பதிவுக்கருவி வந்து உட்காருவது இனிக்காது. ஆனால் அந்த உளவாளி யாரைக் காட்டிக்கொடுத்தான் என்பதைப் பிறகு நடந்ததில் பாருங்கள். 'இரவோடிரவாகச் சரக்கைச் சேர்த்துவிடு' என்று சொல்லும் முதலாளியிடம் 'என் மணி முடிந்துவிட்டது' என்று சாரதி சொல்ல முடிந்தது அந்தப் பெட்டியால். அதுவரை சாரதியின் களைப்புக்குச் சாட்சி சாரதி மட்டும்தான்.

தொடக்கத்தில் மெழுகு பூசிய வட்டத்தாளில் ஊசி கீறியது, ஒரு தாள் ஒரு நாள். 2006 மே முதல் புதிய வண்டிகளில் எண்முறைக் கருவி வந்தது. கியர்ப்பெட்டியில் திருகிய ஓர் உணரி, பற்சக்கரம் சுற்றுவதை எண்ணித் துடிப்புகளாக அனுப்புகிறது. வயரை வெட்டி நடுவில் போலித் துடிப்பு கொடுக்க முடியாதபடி, அதே உணரி தன் எண்ணிக்கையை மறைகுறியாக்கி இன்னொரு வயரிலும் அனுப்பும். பெட்டி இரண்டையும் ஒப்பிடும். அப்போது சிலர் உணரியின்மேல் காந்தத்தை ஒட்டினார்கள். வண்டி நெடுஞ்சாலையில் ஓடும், பெட்டி 'ஓய்வு' என்று பதியும். வேகக் கட்டுப்பாடும் அந்த வேகக் குறிப்பையே நம்பியிருப்பதால் காந்தம் ஒட்டிய லொறிக்கு மணிக்கு 56 மைல் என்ற கடிவாளமும் அவிழ்ந்துவிடும். இதற்கு மாற்றாக, சக்கர வேகம், செய்மதி போன்ற வேறொரு மூலத்தோடும் அசைவைச் சரிபார்க்கும் விதி வந்தது. இரண்டும் முரண்பட்டால் அந்த முரண்பாடே பதிவாகும்.

நான்கு வகை அட்டைகள் உண்டு: சாரதிக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, கருவியைச் சரிபார்க்கும் பட்டறைக்கு ஒன்று, சாலையில் சோதிக்கும் அதிகாரிக்கு ஒன்று. ஒருவர் அட்டையால் மற்றவர் வேலையைச் செய்ய முடியாது. சாரதி அட்டையை 28 நாள்களுக்கு ஒருமுறையும் வண்டிப் பெட்டியை 90 நாள்களுக்கு ஒருமுறையும் நிறுவனம் இறக்கிவைக்க வேண்டும். ரயர் தேய்ந்தால் சுற்றளவு குறைந்து கணக்கு வழுவும், ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவு திருத்தி முத்திரை இட வேண்டும். புதிய சாரதிகளுக்கு ஒரு குறிப்பு: பெட்டி உலகப் பொது நேரத்தில் பதிகிறது. கோடையில் நம் கடிகாரம் அதைவிட ஒரு மணித்தியாலம் முந்தும். கையால் விவரம் பதியும்போது இதை மறந்தால், எடுத்த ஓய்வுகூட எடுக்காததாகத் தெரியும்.

2019 ஜூன் 15 முதல் வந்த தலைமுறை செய்மதியோடும் பேசுகிறது. இங்கேதான் நான் உங்களை நிறுத்தி ஒன்றைக் காட்ட வேண்டும். முதலாளியின் பெட்டி வண்டியின் இடத்தை நிமிடத்துக்கு நிமிடம் அனுப்புகிறது. டாக்கோவில் செய்மதி இருந்தும், அந்தத் தலைமுறையில் அது இடத்தைப் பதிவது வேலை தொடங்கும்போது, முடியும்போது, சேர்ந்த ஓட்டம் மூன்று மணித்தியாலம் ஆகும் ஒவ்வொரு முறையும். அவ்வளவே. பின்வந்த கருவியில் எல்லை கடப்பதும் சரக்கு ஏற்றி இறக்குவதும் சேர்ந்தன. சாலையோர அதிகாரி ஓடும் வண்டியின் பெட்டியைத் தொலைவிலிருந்தே படிக்கலாம். ஆனால் அப்படிப் படித்ததை வைத்துத் தானாகத் தண்டம் போடக்கூடாது. சந்தேகம் எதுவும் எழாவிட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் அந்தத் தரவை அழித்துவிட வேண்டும். அளவோடு பதிய வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஒரே கூரையின்கீழ் இருக்கும் இரண்டு பெட்டிகளில், முதலாளியாலும் சாரதியாலும் வளைக்க முடியாதது குறைவாகவே கேட்கிறது. முதலாளியின் கையில் உள்ளது எல்லாவற்றையும் கேட்கிறது.

வெளிநாட்டுக்கு வான் ஓட்டுபவர்கள் இங்கே இருந்தால் ஒரு செய்தி. கூலிக்குச் சரக்கு ஏற்றி ஐரோப்பாவுக்குப் போகும் 2.5 தொன்னுக்கு மேற்பட்ட வான்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் டாக்கோ என்று ஐரோப்பிய விதி சொல்கிறது.

இப்போது தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும். லொறித் தொழிலுக்கு நாமக்கல் எவ்வளவு பெரிய பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. எண்ணூரில் லொறி செய்யும் அசோக் லேலண்ட் நிறுவனம் 1955இல் அந்தப் பெயரைப் பெற்றது லங்காஷயரின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்ததால்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைவிதி வந்தபின் அங்கே செய்யும் லொறிகளிலும் இங்கே உள்ளதுபோன்ற கணினிப் பெட்டிகளும் உணரிகளும் நிறைந்திருக்கின்றன. அசோக் லேலண்டின் 'ஐ-அலர்ட்' போன்ற தொலைக் கண்காணிப்பு முதலாளியின் அலைபேசிக்கே வண்டியின் நிலையைச் சொல்கிறது. புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வண்டிகளுக்கு இடங்காட்டியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி முதல் கட்டாயமாயின. முதலாளிக்கும் அரசுக்கும் வேண்டிய கண்கள் எல்லாம் வந்துவிட்டன.

சாரதியின் ஓய்வை எண்ணும் கருவி வரவில்லை. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்குப் பதிவுக்கருவி என்ற விதி இருக்கிறது. சாதாரணச் சரக்கு லொறிக்கு இல்லை. நாளொன்றுக்கு 8, வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே எழுதிவிட்டது. அதைச் சாலையில் யார் எண்ணுகிறார்கள்? 2021 செப்டெம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும், தூக்கத்தை உணரும் கருவி வேண்டும் என்று பேசினார். தூக்கம் கண்ணுக்கு வந்தபின் எழுப்பும் கருவியைவிட, தூங்குவதற்கு நேரத்தை உறுதிசெய்யும் கருவி முந்த வேண்டும் என்பது என் கருத்து.

கூலியும் இதோடு பிணைந்தது. இங்கே, கடந்த தூரத்துக்கோ ஏற்றிய சரக்கின் அளவுக்கோ ஏற்ப, பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் சாரதிக்குப் பணம் கொடுப்பதை விதி தடுக்கிறது. அங்கே டிரிப் கணக்கும் படியும்தான் சாரதியின் வருமானம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த டிரிப். ஓய்வு எடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கணக்கு மாறாமல் கருவியை மட்டும் பூட்டினால், பழி முழுவதும் சாரதியின் தலையில் விழும். 1970களில் இந்த நாட்டுத் தொழிலாளர்கள் அஞ்சியது அப்போது அங்கே உண்மையாகிவிடும்.

இன்று தமிழ்நாட்டில் கண்காணிப்புப் பெட்டியோடு ஓடும் லொறியில் எஞ்சின் எப்போது ஓடியது, வண்டி எப்போது நகர்ந்தது, எங்கே நின்றது என்பது ஏற்கெனவே பதிவாகிறது. குறைவது மூன்று: ஓட்டுவது யார் என்று சொல்லும் சாரதியின் சொந்த அட்டை, யாரும் கைவைக்க முடியாத முத்திரை, பதிவைச் சாரதி தானே எடுத்துப் பார்க்கும் உரிமை. இந்த நாட்டில் அந்த உரிமை இருக்கிறது. உங்களைப் பற்றி முதலாளியின் பெட்டி சேர்த்த தரவை எழுத்தில் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் டாக்கோ பதிவைப் பெட்டியிலேயே அச்சிட்டு எடுக்கலாம். அட்டையை வீட்டுக் கணினியில் படிக்கும் சிறு கருவியும் விற்கிறார்கள். இதுவரை கேட்டுப் பார்க்காத சாரதிகள் இந்த வாரமே கேளுங்கள், புள்ளி குறைந்த நாளில் வீதியில் என்ன நடந்தது என்பதை அந்தத் தரவின் பக்கத்தில் உங்கள் கையால் எழுதி வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.